ஹம் கொறஞ்சிருக்கா தம்பி?

கேட்டவுடன் "கொறஞ்சிருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். கண நேரம் யோசித்தால் போச்சு. "தம்பிக்குச் சரியா கேக்கல போல" என்று மறுபடியும் ஃபேனை நிறுத்திவிடுவார்.

கிட்டாருக்கு வால்வு ஆம்ப் கட்டுகிற அண்ணன்மார் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உண்டு, கிள்ளானிலும் உண்டு. பகலில் ஏர்கோன் பழுது பார்ப்பார்கள், கணக்கு எழுதுவார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார்கள். இரவானால் ஜாலான் பாசாரில் வாங்கிவந்த கெப்பாசிட்டர்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிடுவார்கள். கட்டுவது பெரும்பாலும் பழைய ஃபெண்டர் சாம்ப்பின் நகலாக இருக்கும். 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3 என்று மூன்றே வால்வு, ஐந்து வாட். இதைவிடச் சின்ன ஆம்ப் கட்டுவது கஷ்டம். அண்ணனும் கட்டி முடித்துவிட்டார். சத்தம் வருகிறது. கூடவே அழைக்காத விருந்தாளியாய் 'உம்ம்ம்' என்று ஒரு ஹம்மும் வருகிறது. அந்த உம்முக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் நம்மைக் கூப்பிடுவார்.

முதலில் ஃபேன் நிற்கும். அடுத்து ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். உள்ளே மீன் இருக்கிறது என்று அண்ணி கத்துவது கணக்கில் வராது. ரோட்டில் போகிற மோட்டார் சத்தத்துக்காக ஜன்னலையும் சாத்திவிடுவார். கோலாலம்பூர் புழுக்கத்தில் நாலு பேர் வேர்த்து வடிந்துகொண்டு, ஒன்றும் வாசிக்காத ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். கிட்டார் சுவரோரம் சாய்ந்திருக்கும். "இப்ப கேளு" என்பார். கேட்போம். சத்தே குச்சியால் ஒரு கம்பியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, "இப்ப?" என்பார். அதே உம்தான். "வித்தியாசமே தெரியலையா உனக்கு?" அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், "கொஞ்சம் கொறஞ்ச மாதிரி..." என்று இழுப்போம். "கொஞ்சம்னா? பாதியா, காவாசியா?"

வீட்டுக்குத் தப்பி வந்தாலும் வாட்ஸ்அப் விடாது. 'முன்னாடி' என்று ஒரு வாய்ஸ், 'பின்னாடி' என்று ஒரு வாய்ஸ். ஆம்ப்பின் உம்மோ நூறு ஹெர்ட்ஸ் பக்கம். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கவே தெரியாது. ஆக இரண்டிலும் கேட்பது அண்ணனின் மூச்சு மட்டும். "சுத்தமா போயிருச்சு அண்ணே!" என்று மனமறிந்து உண்மையே எழுதுவேன். அன்று அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

விஷயம் தெரியாதவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நம்ம ஊர்க் கரண்டு ஐம்பது ஹெர்ட்ஸ். உம் ஐம்பதில் இருந்தால் வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட் கம்பியையோ பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையோ பார்க்க வேண்டும். நூறில் இருந்தால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டரையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஜி ஸ்வரத்தில் விழும், அதாவது ஐந்து கட்டை. அண்ணன் அதற்குச் சுருதி சேர்த்துப் பாடியே காட்டுவார். வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தும் உம் நிற்கவில்லையா, கோளாறு வால்யூமுக்குப் பின்னால், நின்றுவிட்டதா, முன்னால். எர்த் கம்பிகளைக் கண்ட இடத்தில் மாட்டாமல் முறையாக ஓரிடத்தில் சேர்த்தாலே பாதி நோய் தீரும். ஒரு சாயங்கால வேலை. முடித்துவிட்டால் மறுநாள் யாரை அழைத்து என்ன கேட்பது?

ஒருமுறை வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தும் ஸ்பீக்கர் அலறியது. அண்ணன் வால்வைச் சந்தேகித்தார். புது வால்வு வந்தது. டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகித்தார், வீட்டு வயரிங்கைச் சந்தேகித்தார், ஒரு கட்டத்தில் எல்ஆர்டி ரயிலையே சந்தேகித்தார். கடைசியில் சத்தே குச்சி தட்டிய இடத்தில் கரகரவென்றது. வால்யூமின் மூன்றாவது கால் எர்த்துக்குப் போக வேண்டும். அங்கே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. எர்த் இல்லாத வால்யூமுக்குப் பூஜ்ஜியம் ஏது? "நான் அப்பவே சொன்னேன்ல, எர்த்துதான்னு!" என்றார். சொன்னதை யாரும் கேட்கவில்லை. சரிசெய்த பிறகு வால்யூம் ஒன்றில் முனகல், இரண்டில் பூகம்பம். காதுக்கு ஏற்றபடி சத்தம் ஏற்றும் 'லாக்' வால்யூம் இருக்க வேண்டிய இடத்தில் 'லீனியர்' வால்யூம். அதைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. திறந்தால் ஃபேன் நின்றுவிடும்.

"வாசிச்சுக் காட்டுங்கண்ணே" என்றால் லியோ ஃபெண்டரைத் துணைக்கு இழுப்பார். உலகத்துக்கே கிட்டாரும் ஆம்ப்பும் செய்து கொடுத்த அந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. உண்மைதான். ஆனால் ஃபெண்டர் செய்ததை மற்றவர்கள் வாசித்தார்களே!

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உம் தாங்காமல் சில அண்ணன்மார் மூணு முள் பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். ஆம்ப்போடு லேப்டாப்பையும் மாட்டியிருந்தால் உம் உண்மையிலேயே குறையும், அதுதான் கொடுமை. உள்ளே ஒரு கம்பி கழன்று ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில் பட்டால் 230 வோல்ட்டும் கிட்டார்க் கம்பி வரை வந்து நிற்கும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சியில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிற வீடு அது. உம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணே, அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டுங்கள்.

போன தீபாவளிக்கு அண்ணனின் அக்கா மகன் வந்திருந்தான். யாரையும் கேட்காமல் கிட்டாரை எடுத்து ஆம்ப்பில் மாட்டி ஒரு பழைய ராஜா பாட்டின் தொடக்கத்தை வாசித்தான். அந்த ஐந்து வாட்டிலிருந்து அப்படியொரு இனிமை வருமென்று யாரும் நினைக்கவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். அண்ணன் மட்டும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கையை ஆட்டினார்.

"டேய், கொஞ்சம் நிறுத்துடா. ஹம் கேக்கமாட்டேங்குது."