ஸ்டூல், மரம், வட்டம் – 1

போன வாரம் எங்கள் அரசு ஆய்வகத்தில், எங்கள் பிரிவில், ஸ்டாக் வெரிஃபிகேஷன் முடிந்தது. முடிந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பதிவேட்டில் ஒரு வரி மட்டும் டிக் ஆகாமல் நிற்கிறது, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இறங்கவில்லை. நான் எழுத உட்கார்ந்ததென்னவோ வேறு விஷயம். அரசுப் பணத்தில் ஓடும் இத்தனை ஆய்வகங்களிலிருந்து ஏன் இன்னொரு சி.வி. ராமன் வரவில்லை என்று ஒவ்வொரு பிப்ரவரி 28-ஆம் தேதியும் அறிவியல் நாள் மேடையில் கேட்கிறார்களே, அதற்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. சொல்கிறேன். முதலில் அந்த ஸ்டூல்.

எண்ண வந்தவர் பாலிமர் பிரிவு விஞ்ஞானி. நல்ல மனிதர். போன வருஷம் நான் அவர்கள் பிரிவுக்குப் போய் எண்ணினேன். இந்த வருஷம் அவர் இங்கே வந்தார். மொய் மாதிரிதான், செய்ததைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒன்றரைக் கோடி ரூபாய் எக்ஸ்-ரே டிஃப்ராக்டோமீட்டர் முன்னால் நின்றார். பக்கவாட்டில் பெயின்டில் எழுதிய எண்ணைக் குனிந்து படித்தார். டிக் அடித்தார். அது ஓடுகிறதா என்று கேட்கவில்லை. ஓடவில்லை. சில்லர் போய்விட்டது, பம்ப் வேறு மாற்ற வேண்டும். ஆனால் படிவம் கேட்பது பொருள் இருக்கிறதா என்று மட்டும்தான். இருக்கிறது. கனத்த பொருள், எங்கே போகும்?

இப்படி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார்.

"சார், ஸ்டூல், மரம், வட்டம், ஒண்ணு. 1991 பர்ச்சேஸ். எங்க சார்?"

விலை 85 ரூபாய். நான் இந்த ஆய்வகத்தில் சேருவதற்கு முன்னால் வாங்கியது. தேடினோம். ஸ்டூல்கள் இல்லாமல் இல்லை. ஒன்றில் எண்ணே கிடையாது. ஒன்றில் வேறு பிரிவின் எண். இன்னொன்று சதுரம். எண்ணில்லாத ஸ்டூலைக் காட்டி, "இதையே அதுன்னு வச்சுக்கலாமே" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். வேறு பிரிவின் ஸ்டூல் இங்கே இருப்பது அதிகப்படி. அது தனிக் குற்றம். பொருள் குறைந்தால் ஒரு விளக்கக் கடிதம். கூடினால், யாருடையது, எப்போது வந்தது, எந்தக் கேட் பாஸில் வந்தது என்று மூன்று.

உடைந்து போயிருக்கலாமே என்றேன். "உடைஞ்சிருந்தா உடைஞ்சது எங்க சார்?"

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அரசு ஆய்வகத்தில் எந்தப் பொருளும் சாக முடியாது. செத்தால் பிணத்தைக் காட்ட வேண்டும். அதனால்தான் எங்கள் அலமாரிகளில் முள் உடைந்த வோல்ட்மீட்டர், கதவில்லாத ஓவன், ஃபிளாப்பி டிரைவ், யாரும் ஓட்டத் தெரியாத சார்ட் ரெக்கார்டர் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆசிட்டோ பீக்கரோ தீர்ந்தது, உடைந்தது என்று ஒரு வரி எழுதிவிடலாம், அது கன்ஸ்யூமபிள். பென் டிரைவ் அப்படி இல்லை. பிளாஸ்டிக் வாளி எந்தப் பக்கம் என்று எங்கள் ஸ்டோர்ஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு காலத்தில் நீலக் கலர் வாளிக்கு எண் போட்டார்கள், சிவப்புக்குப் போடவில்லை. காரணம் கேட்டவர் ரிட்டயர் ஆகிவிட்டார். நீல வாளி அடி பிளந்து, எண்ணோடு, மேல் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் என்னால் கிளாஸ்வேர் எடுக்க முடியாது.

ஸ்டூலுக்கு வருவோம். அதன் கால்கள் கிடைத்தால்கூடப் போதும் என்றார் பாலிமர்காரர். மூன்று கால், ஒரு பலகை. ஆனால் பலகையில்தான் எண் இருக்கும். கிடைக்காவிட்டால் குழு போட வேண்டும். தலைவர் ஒரு சீனியர் விஞ்ஞானி, இரண்டு உறுப்பினர், அதில் ஒருவர் ஃபைனான்ஸ். ஃபைனான்ஸ்காரர் வரும் நாளில் தலைவர் டெல்லியில் இருப்பார். இந்த மூன்று பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து குடிக்கும் டீ, பிஸ்கட்டில் மட்டும் 85 ரூபாயைத் தாண்டிவிடும். சம்பளத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் தேக்கிலேயே நாற்காலி செய்துவிடலாம். அதன் பிறகும் குழு எழுதும்: 'இனி இவ்வாறு நேராவண்ணம் கவனமாக இருக்க அறிவுறுத்தப்படுகிறது.' 1991-இல் வாங்கிய ஸ்டூல் இன்னொரு முறை காணாமல் போகாமல் நான் கவனமாக இருக்க வேண்டுமாம்!

எங்கள் பழைய அட்டெண்டர் ஒரு தகவல் சொன்னார். "கேன்டீன்ல கேஷ்ல உக்காந்திருக்காரே, அவருக்குக் கீழ பாருங்க சார். பச்சை பெயின்ட் அடிச்சிருக்கு. அடியில திருப்பிப் பாத்தா நம்பர் இருக்கும்." பார்க்கலாம்தான். ஆனால் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி ஸ்டூலைத் திருப்பினால் நாளை எனக்குச் சாம்பாரில் காய் வராது. அவர் எழுந்து போகும் நேரத்தில் கேன்டீன் பூட்டியிருக்கும்.

இந்த ரகளைக்கு நடுவில் ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். கமிட்டி வழியாக வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். அரசு மின்சந்தையான ஜெம்முக்கு வெளியே வாங்க இயக்குநரே அனுமதிக்கலாம். மனசாரச் சந்தோஷம். ஆனால் எங்கள் கோப்புக்கு அது எட்டுவதற்குள் பம்ப்புக்கு நான் எழுதிய குறிப்பு திரும்பி வந்தது. 'இதே பம்ப்பை வேறு கம்பெனிகளிடமும் ஏன் கேட்கக் கூடாது?' என்று பென்சிலில் ஒரு கேள்வி. அந்த மெஷினுக்கு அந்தக் கம்பெனி பம்ப்தான் பொருந்தும் என்று எழுதினேன். 'பொருந்தாது என்பதற்குச் சான்று?' என்று அடுத்த கேள்வி.

ராமன் விஷயத்துக்கு வருகிறேன். சொற்ப விலைக் கருவியை வைத்துக்கொண்டு 1928-இல் கண்டுபிடித்தார், 1930-இல் நோபல் வாங்கினார், நீங்கள் கோடிகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்பார் சிறப்பு விருந்தினர். கைதட்டுவோம். யாரும் சொல்லாத ஒன்று: ராமன் 1907-இலிருந்து பத்து வருஷம் அரசின் கணக்குத் துறை அதிகாரி. பகலில் ஆபீஸ் வேலை. காலையும் மாலையும் கல்கத்தா பௌபஜாரில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய அறிவியல் சங்கத்தில் ஆராய்ச்சி. ஒரு கணக்கதிகாரி விஞ்ஞானியானது அப்போது. இப்போது நாங்கள் பகலில் விஞ்ஞானிக்கான சம்பளம் வாங்கிக்கொண்டு கணக்கதிகாரி வேலை பார்க்கிறோம். ராமனின் ஸ்பெக்ட்ரோஸ்கோப்புக்கு எத்தனை கொட்டேஷன், யார் எண்ணினார்கள், எண் எங்கே எழுதினார்கள் என்று... சரி, இதைத் தனியாக எழுத வேண்டும்.

ஏனென்றால் அதற்குள் அக்டோபர் சர்க்குலர் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பொருளையும் விடாதே என்று சொல்லும் அதே அரசாங்கம், 2021-இலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் சிறப்பு இயக்கம் நடத்துகிறது. பழைய கோப்பு, பழைய சாமான் எல்லாம் கழிய வேண்டும். எத்தனை சதுர அடி காலியானது, விற்று எவ்வளவு வந்தது, 'முன்', 'பின்' படங்கள். கழிக்கக் குழு வேண்டும், குழு கூடவில்லை, படம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். போன அக்டோபரில் எங்கள் வராந்தாவில் இருந்ததையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துப் பிரிவு வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, பெருக்கி, கோலம்கூடப் போட்டுப் படம் எடுத்தோம். பிரமாதமாக வந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் எங்கள் சாமானோடு அவர்களுடைய சாமானும் இங்கே நிற்கிறது. அவர்களுக்கும் 'பின்' படம் வேண்டியிருந்ததே! அவர்கள் ஃப்ரிட்ஜ் இரண்டு இன்னும் எங்கள் பக்கம்தான். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. அடுத்த வெரிஃபிகேஷனில் அவர்களே தேடட்டும்.