சைக்கிளுக்குப் பணம் வரும், குதிரைக்கு?

வா அப்புனு, உக்காரு. குதிரை ஏத்தற லாரி வாங்கியிருக்கியாமா. ஆடி மாசம் அந்தியூர்ச் சந்தைக்கு மார்வாரிக் குதிரையும் கத்தியவாரிக் குதிரையுமா ஏத்தி எறக்கப் போறியாமா. ரொம்பச் சந்தோசம். இன்சூரன்சு என்னாச்சுன்னு கேட்டா, "ஃபுல் இன்சூரன்சுங்க பெரியப்பா"ங்கற. அட, கெட்டிக்காரா!

நீ ரோட்டுல போறவனை இடிச்சா அவனுக்குக் குடுப்பாங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அதை எல்லாருமே கட்டித்தான் ஆகோணும். லாரி நசுங்குனா லாரிக்கும் குடுப்பாங்க. உள்ள நிக்கற குதிரைக்கு? ஊரான் சொத்து உன் கைவசத்துல இருக்கறப்ப அது அந்தப் பாலிசியில சேராது. எதுக்க வர்ற ஓட்டைச் சைக்கிளுக்குப் பணம் வரும், லட்ச ரூவாக் குதிரைக்கு வராது. குதிரையை எறக்கி ரோட்டுல நிறுத்தி நீயே மோதுனாலும் வராது, அந்த யோசனையும் வேண்டாம்.

"குதிரைக்காரரே பாலிசி வெச்சிருப்பாரு"ன்னு நெனைக்கறயா? வெச்சிருக்கட்டும். தப்பு உன்மேலன்னா, அவருக்குக் குடுத்த கம்பெனி அதே கையோட உன்கிட்ட வசூலுக்கு வரும். அதுக்குத்தான் கேரியர்ஸ் லீகல் லயபிலிட்டின்னு தனிப் பாலிசி இருக்குது. ஏஜென்ட்டு "எல்லாச் சரக்கும் அடங்கும்"பாரு. உசுருள்ள சரக்கு அடங்குமான்னு கேளு. அடங்கும்னா, அதை எழுத்துல வாங்கு. குதிரை ஒண்ணுக்கு எவ்வளவு, லோடு மொத்தத்துக்கு எவ்வளவுன்னும் பாத்துக்க.

பாலிசி மட்டும் இருந்தாப் பத்தாது, 1978 விலங்குப் போக்குவரத்து விதிப்படி கால்நடை டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேணும். ஒரு வண்டியில நாலுல இருந்து ஆறு குதிரைதான். நீதான் சூரனாச்சே, எட்டை நெருக்கி நிறுத்தி, தலையைத் தூக்கி இழுத்துக் கட்டீருவ. தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்குச் சளி வெளிய வடியாது, நெஞ்சுல தங்கும். ஊரு போய்ச் சேந்தப்புறம் காய்ச்சல் கண்டு படுத்துக்கும். சர்வேயர் வந்து, "இது விபத்தில்லீங்க, நோவு"ன்னு எழுதிட்டு உன் காப்பியையும் குடிச்சுட்டுப் போயிருவாரு. எண்ணிக்கையைப் பாத்தாருன்னா காப்பி கூடக் கேக்க மாட்டாரு.

குதிரைக்காரரோ அவரு ஆளோ கூட வரட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தோட 1994 திருத்தத்துக்கப்புறம் சரக்குக்குச் சொந்தக்காரரும் அவரு அனுப்பற ஆளும் லாரிப் பாலிசியில அடங்குவாங்க. சந்தை பாக்க ஓசியில ஏறிக்கற உன் மச்சான் கூட்டம் அடங்காது. அவனுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் காட்டை வித்துத்தான் குடுக்கோணும். மச்சான்னா அவ்வளவு பிரியம்னா தாராளமா ஏத்திக்க.

பிரீமியம் ஜாஸ்தின்னு மூஞ்சியைச் சுளிக்கறயா? செரி, வேண்டாம். அந்தியூர் குருநாதசாமிக்கு ஒரு தேங்காய் ஒடச்சுட்டுக் கெளம்பு. ஆனா ஒண்ணு, சாமி சந்தை கூடறதுக்குத்தான் எடம் குடுத்திருக்காரு. கிளெய்ம் பாக்கற வேலைக்கு இன்னும் ஒத்துக்கலை.