அத்தி காட்டி

ஏலே பேராண்டி, ஆபீசுல எவனோ மேனேஜருக்கு ஜால்ரா தட்டுதானாம். அவன இங்கிலீசுல 'சிகோஃபன்ட்'னு திட்டிப்புட்டு மாரை நிமித்திக்கிட்டு வந்து நிக்கே. நல்லதுதான். ஆனா வார்த்தைய வீசுமுன்ன அது எந்தச் சந்தைச் சரக்குன்னு மோந்து பாக்க வேண்டாமாலே?

ஏதென்சு சரக்கு அது. 'சுகோபாந்தேஸ்'. 'சுகோன்'னா அத்திப்பழம், பின்னால ஒட்டிக்கிட்டிருக்கது காட்டுத வேலை. ஆக, அத்தி காட்டி! சிரிக்காத. சோலோன்னு ஒரு பெரியவரு, ஒலிவ எண்ணெய் தவிர வெளைஞ்ச எதையும் வெளியூருக்கு விக்கப்படாதுன்னு சட்டம் போட்டாராம். அத்திப்பழம் கடத்துனவனக் காட்டிக்கொடுத்த ஆளுக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னு புளூட்டார்க் எழுதுதாரு. சோலோன் செத்து அறுநூறு வருசம் கழிச்சு எழுதுன கதை. நான் பாதிதான் நம்புவேன்.

கதை கெடக்கட்டும், ஆளு நெசம். ஏதென்சுல சர்க்கார் வக்கீல் கெடையாது. ஊருக்குப் பொதுவான குத்தம்னா எந்தக் குடிமகனும் பிராது கொடுக்கலாம். சில வழக்குல கெடைக்கத் தொகையில பங்கும் உண்டு. பெறவென்ன? பசையுள்ள ஆளாப் பாத்து, "பிராது போடட்டா, கவனிச்சுக்கிடுதீரா?"ன்னு கெளம்பிட்டானுவ. நடுவர்க ஓட்டுல அஞ்சுல ஒரு பங்குகூட வாங்காதவன் 1000 திராக்மா கட்டணும்னு வச்சுத்தான் கொஞ்சம் கட்டிப்போட்டாக.

கி.மு. 425-ல அரிஸ்தோபானேசு 'அகார்னியர்'னு ஒரு நாடகம் போட்டாரு. சந்தைக்கு வந்த வெளியூர்க்காரன் மூட்டையில ஒரு அத்தி காட்டி மூக்க நுழைக்கான். "விளக்குத் திரியா? எதிரி நாட்டுச் சாமான்! இத ஒரு நீர்ப்பூச்சி மேல கட்டி, பத்தவச்சு, காத்தடிக்கையில சாக்கடையில விட்டா நம்ம கப்பல்துறையே சாம்பல்!"ங்கான். நம்மூர்ல வத்தி வைக்கவன்னு சொல்லுவோம். அவன் வத்தியவே புடிச்சுக்கிட்டான் பாத்தியா? கடைசியில அவன மண்பானை மாதிரி வைக்கோல் சுத்திக் கட்டி, அந்த வெளியூர்க்காரன் தலையிலயே வித்துட்டாக. அவன் ஊர்ல கெடைக்காத ஏதென்சு சரக்கு இது ஒண்ணுதானாம்!

கிரேக்கத்துல இன்னைக்கும் அந்த வார்த்தைக்கு அவதூறு பேசுதவன்னுதான் அர்த்தம். இங்கிலீசுக்காரன் வாய்க்குள்ள போயித்தான் ஜால்ராவாச்சு. அடுத்தவனப் போட்டுக்கொடுக்கவன் மேலிடத்துல கொஞ்சம் கொழையவும் செய்வான்லா.

ஆமா, அந்த ஜால்ராக்காரனப் பத்திப் பேரு போடாம மேலிடத்துக்கு மெயில் ஒண்ணு தட்டிவிட்டேன்னு போன வாரம் உன் ஆத்தாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தியே?

சரி சரி, மொறைக்காத. தொழுவுக்குப் போயி ரெண்டு கத்தை வைக்கோல் எடுத்துக்கிட்டு வா.