தர்மக் கச்சேரி ரசிகர்

இவரை முகத்தைக் கொண்டு அடையாளம் காண்பது கடினம். வலது தொடையைக் கொண்டு காண்பது சுலபம். நாற்பது வருஷங்களாக ஆதி தாளத்தின் அடிகளையெல்லாம் வாங்கி வாங்கி, அவருடைய வேஷ்டிகள் யாவும் அந்த ஓரிடத்தில் மட்டும் மற்ற பாகங்களுக்கு முந்தியே நைந்துவிடுகின்றன என்பது அவர் வீட்டாரின் நெடுநாளைய மனக்குறை. தாளத்தில் ஜாதிகள் ஐந்து என்று சாஸ்திரம் சொல்கிறது. ரசிகர்களில் எத்தனை ஜாதி என்று எந்தச் சாஸ்திரமும் கணக்கெடுக்கவில்லையாயினும், பாட்டுக்கு வருகிறவர், பாடுகிறவரின் உறவுக்காக வருகிறவர், பட்டுப்புடவை பார்க்க வருகிறவர், காண்டீனுக்கென்றே வருகிறவர் என்று சிலரை நம் எழுத்தாளர்கள் அவ்வப்போது படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்பியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் தர்மக் கச்சேரி ரசிகர்.

தர்மக் கச்சேரி இன்னதென்று மயிலாப்பூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை; வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆஸ்பத்திரிக்கோ, அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கோ, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கோ பணம் வேண்டியிருக்கும். பெயர் பெற்ற வித்வான் ஒருவர் சன்மானம் வேண்டாமென்று பாட ஒப்புக்கொள்வார். அவர் ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், பிடில்காரரும் மிருதங்கக்காரரும் கஞ்சிராக்காரரும் தாங்களும் ஒப்புக்கொண்டவர்களாகவே கருதப்படுவார்கள். டிக்கெட் வசூல் முழுவதும் அந்தக் காரியத்துக்குப் போய்ச் சேரும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் நம் ரசிகரின் உள்ளத்தில் இந்த எளிய ஏற்பாடு விசித்திரமான ஒரு ரசாயன மாறுதலை உண்டாக்கிவிடுகிறது. மார்கழியில், பிற்பகல் இலவசக் கச்சேரிகளுக்கு வந்து தூணோரத்தில் அடக்கமாக உட்கார்ந்து, அடக்கமாகவே தூங்கிவிட்டுப் போகிற அதே மனிதர், ஐந்நூறு ரூபாய்த் தர்மச் சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரும் அன்று, தாம் நாற்காலியை வாங்கியிருப்பதாக நினைப்பதில்லை. கச்சேரியையே வாங்கியிருப்பதாக நினைக்கிறார்.

சென்ற மார்கழியில் அப்படிப்பட்ட ஒரு கச்சேரியில் எனக்கு வாய்த்த ஆசனம் அவருக்கு இடப்பக்கத்து ஆசனம். வர்ணம் பாதி நடந்துகொண்டிருக்கையில் அவர் வந்தார். வரிசையின் நடுவில் அவருக்கு இடம். ஆகவே பதினோரு பேர் எழுந்து, பதினோரு நாற்காலிகள் மடங்கி நிமிர்ந்து, பதினோரு ஜோடிக் கால்களில் ஏழெட்டு ஜோடியாவது மிதிபட்டு, அவர் ஒருவழியாக அமர்ந்தபோது வர்ணம் முடிந்துவிட்டது. கைதட்டல் எழுந்தது. அதில் ஒரு பகுதியைத் தமக்கென்று எடுத்துக்கொண்டவர்போல நாலு பக்கமும் தலையசைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஐந்நூறு ரூபா ஸார், ஒரு சீட்டு. ஆனா என்ன, நல்ல காரியத்துக்குத்தானே?"

இந்த 'நல்ல காரியம்' என்னும் இரண்டு சொற்களை அன்றிரவு நான் எத்தனை தடவை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. இருமல் மிட்டாய் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை, ராகம் தொடங்குவதற்கு முன் அமைதி கூடிவரும் அந்த ஒரு க்ஷணத்தில், இலை இலையாகப் பிரித்துச் சரசரக்கவிட்டபோதும், கைப்பேசியிலிருந்து கந்த சஷ்டி கவசம் உரக்க எழுந்து, அதை அடக்கும் பொத்தான் எங்கே என்று பேரன் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வராமல் அவர் தவித்தபோதும், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்னும் மன்னிக்கும் பாவனையில் அவர்களைப் பார்த்தார்.

நான் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சங்கீத சபையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்னும் கட்சி என்னுடையதல்ல. அது மேல்நாட்டார் வழக்கம். அவர்களுக்கு அது பொருந்துகிறது. நம் கச்சேரியில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் 'ஆஹா' என்று சொல்லவும், தலையை ஆட்டவும், தாளம் போடவும் ரசிகருக்குப் பூர்வீக பாத்தியதை உண்டு. எதிரே ஒரு தலையும் ஆடாவிட்டால் வித்வானுக்குப் பாட்டு ஓடாது. ஆகையால் நம் நண்பர் தாளம் போட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் போட்ட தாளத்தில்தான். வித்வான் மிச்ர சாபுவில் ஒரு கிருதியை எடுத்தார், அதாவது ஏழு. நண்பரோ தம் தொடை பழகிய ஆதி தாளத்தையே, அதாவது எட்டையே, 'பட் பட்' என்று போட்டுக்கொண்டிருந்தார். ஏழும் எட்டும் ஐம்பத்தாறாவது எண்ணிக்கையில்தான் ஒன்றையொன்று சந்திக்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அந்த ஐம்பத்தாறாவது எண்ணிக்கையில், மேடையும் அவருடைய தொடையும் தற்செயலாக ஒன்றுகூடிய அந்தப் புண்ணிய தருணத்தில், அவர் "பேஷ்!" என்றார் பாருங்கள், வழிதவறிப்போன பிள்ளை வீடு வந்து சேர்ந்தால்கூடத் தகப்பனார் முகத்தில் அவ்வளவு நிம்மதி தோன்றாது. பிடில் வித்வான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டவர்களும் இருக்கக்கூடும்.

அப்புறம் தோடி ஆலாபனை. கேட்க ஆயத்தமாக நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்; அவர் சொல்ல ஆயத்தமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வித்வான்கள் செய்த தர்மங்களின் சரித்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். கீழ் ஸ்தாயியில் வித்வான் மெதுவாகப் படி இறங்கிக்கொண்டிருந்தபோது, 1941-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் கட்டியது 'கல்கி' பத்திரிகை தொடங்க முதல் தேட வேண்டியிருந்ததனால்தான் என்பது என் காதில் ஓதப்பட்டது. மத்திய ஸ்தாயியில் ராகம் நின்று விரியத் தொடங்கிய வேளையில் கஸ்தூரிபா காந்தி காலமாகி, 1944-ல் அவர் நினைவு நிதிக்காக எம். எஸ். பாடிப் பணம் திரட்டினார். காந்தாரத்தில் வித்வான் தோய்ந்து தோய்ந்து நின்றாரே, அப்போது வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகை திருப்பதி தேவஸ்தான வேத பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, சபை முழுவதும் மெய்ம்மறந்த நிமிஷத்தில், எனக்கு 1974-ஆம் வருஷத்து மக்ஸாஸே விருது கிடைத்தது; அதுவும், நண்பர் என் முழங்கையைத் தட்டி வற்புறுத்தியபடி, பொதுச்சேவைப் பிரிவில். இவ்வளவும் உண்மை, ஒரு தேதிகூடப் பிசகவில்லை. வாழ்நாள் முழுவதும் பாடிப் பாடிக் கொடுத்த ஒருவரின் சரித்திரத்தைச் சொல்லவேண்டி, கண்முன்னே பாடிக்கொடுத்துக்கொண்டிருக்கிறவரின் பாட்டை அவர் கேட்கவில்லை என்பதுதான் விசேஷம்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அவருடைய சரித்திர உற்சாகத்தை வேறு திசையில் திருப்பிவிட்டாலாவது அடங்குவார் என்று எண்ணி, பிடில்காரர் தோடியை எடுத்துக்கொண்டதும், நியூயார்க்கில் நடந்த ஒரு தர்மக் கச்சேரியின் கதையைத் தணிந்த குரலில் சொன்னேன். 1971 ஆகஸ்ட் 1 அன்று, வங்க தேசத்து அகதிகளின் துயர் தீர்க்க ரவிசங்கரும் அவருடைய சீடரான ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் ஹாரிஸனும் மாடிஸன் ஸ்குவேர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடத்தினார்கள். ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா. வாத்தியங்களைச் சுருதி கூட்டி முடித்தார்கள். அதையே ஓர் உருப்படி என்று நினைத்துச் சபையோர் ஆரவாரமாகக் கைதட்டிவிட்டார்கள். சுருதி கூட்டியதே உங்களுக்கு இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்ற கருத்தில், ரவிசங்கர் புன்னகை மாறாமல் பதில் சொன்னார். சீட்டு வசூலில் இரண்டு லக்ஷத்து நாற்பதினாயிரம் டாலருக்கு மேல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்குப் போயிற்று என்றும், இசைத்தட்டு விற்ற பணத்தில் பெரும்பகுதி வருமான வரித் தகராறில் வருஷக்கணக்காக முடங்கிக் கிடந்தது என்றும் சொல்லி முடிக்க இருந்தேன். நண்பர் அதுவரை காத்திருக்கவில்லை. சுருதிக்குக் கைதட்டிய இடத்திலேயே, நாற்காலி அதிரும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

"சங்கீதம்னா என்னன்னு அவாளுக்கு என்ன ஸார் தெரியும்? பாவம், நல்ல காரியம்னு வந்திருப்பா!"

பிடில்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். பின்வரிசையில் ஒரு மாமி, "பேசறதுக்குன்னே வரா" என்று சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. அது எனக்குச் சொன்னது.

கிருதியும் நிரவலும் கல்பனா ஸ்வரமும் முடிந்து, தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்க வித்வான் கையை உதறிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, காரியதரிசி ஒலிபெருக்கியுடன் மேடைக்கு வந்துவிட்டார். சுருதிப்பெட்டி தன் பாட்டுக்கு ஷட்ஜ பஞ்சமம் இசைத்துக்கொண்டிருக்க, பிரமுகர்கள் பேசினார்கள், பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, அந்தப் பொன்னாடைகளுக்கான செலவு வசூலிலிருந்தா, வேறெங்கிருந்தா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பெரிய நன்கொடையாளர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. நம் நண்பர் ஆயிரத்தொரு ரூபாய்க்குத் தனியாக ஒரு காசோலை எழுதியிருந்தாராம். பெயரைக் கேட்டதும் எழுந்தார். மறுபடியும் பதினோரு பேர் எழுந்தோம். மேடையில் அந்தச் சிறு காகிதத்தின் ஒரு முனையை அவரும் மறு முனையைக் காரியதரிசியும் பிடித்துக்கொண்டு, படம் எடுப்பவர் "இன்னொண்ணு ஸார்" என்று சொல்லச் சொல்ல நின்றார்கள். வாசிக்கத் தயாரான வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மிருதங்க வித்வான் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயரைக் காரியதரிசி நன்றியுரையில் 'மற்றும் பக்கவாத்தியக் கலைஞர்கள்' என்று உச்சரித்தார்.

எனக்கு அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவு வந்தது. திருவையாற்றில் பாழடைந்து கிடந்த தியாகராஜ ஸ்வாமியின் சமாதியைத் தேடி, தாம் பாடிச் சேர்த்த சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் அந்த அம்மாள். ஆனாலும், ஆராதனையை நடத்திய ஆண்களின் கட்சிகள் இரண்டும் பெண்களைப் பாடவிடவில்லை. பெண்களுக்கென்று தனிக் கட்சி கூட்டிப் பாடவேண்டியிருந்தது. இதை நண்பரிடம் சொல்லலாமா என்று திரும்பினேன். ஆசனம் காலி.

தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டதல்லவா?

மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். வாசிக்கத் தொடங்குமுன் அதன் நடுவே ரவையைக் குழைத்து அப்புவார்கள். அப்போதுதான் அந்தக் கனத்த நாதம் வரும். அன்று அந்த வித்வானும் ஈரம் காய்ந்துபோயிருந்த ரவையைச் சிறிது நீர் தொட்டுச் சரிசெய்துகொண்டு, முதல் சொல்லை வாசித்தார். அதே கணத்தில், வேறு ரவையின் ஞாபகம் வந்தவர்களாகச் சபையில் மூன்றில் ஒரு பங்கினர் எழுந்தார்கள். பாட்டு வித்வானாவது இரண்டு மணி நேரம் கொடுத்தார்; அவர் கொடுத்ததைப் பலரும் பெற்றுக்கொண்டார்கள். மிருதங்க வித்வான் தமக்கென்று கொடுக்க வைத்திருந்தது இந்தக் கால் மணிதான். கஞ்சிராக்காரருக்கு இதிலும் பாதி. அவர்கள் தானம் கொடுக்கக் கையை நீட்டியபோது, தானத்தைப் போற்றவென்று வந்த கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு படியிறங்கிற்று. குறைப்பும் மோராவும் வந்து, கோர்வை மும்முறை முழங்கி முடிந்தபோது, அரங்கில் இருந்தவர்களின் கைதட்டல் அவர்கள் தொகைக்கு மிஞ்சித்தான் இருந்தது. நானும் பலமாகவே தட்டினேன். நண்பர் இல்லாததனால் வலது கை தாராளமாக வீச இடம் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

துக்கடாக்களுக்கு அவர் திரும்பி வந்தார். கூடவே பெருங்காயத்தின் வாசனையும் வந்தது. ராஜாஜி எழுதி, எம். எஸ். பாடி, வீட்டுக்கு வீடு பிரசித்தமான, தனக்கு ஒரு குறையும் இல்லையென்று கோவிந்தனிடம் சொல்லும் அந்தப் பாட்டை வேண்டி ஒரு சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார். வித்வான் மறுக்காமல் பாடினார். நண்பர் கண்களில் நீர் ததும்பியது. பாசாங்கு அல்ல, மெய்யான கண்ணீர். அதைக் கண்டபின் அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் என்னிடம் சொன்னது, காண்டீனில் ரவா தோசைக்குக் கொஞ்ச நேரம் நின்றும் முறுகலாகக் கிடைக்கவில்லை, சட்னியும் தீர்ந்துபோய்விட்டது, நிர்வாகம் வரவர மோசம் என்பது. மங்களம் பாடி முடிவதற்குள் வண்டி எடுக்கவேண்டுமென்று கிளம்பினார். நான்காவது முறையாக நாங்கள் பதினோரு பேரும் எழுந்தோம்.

அடுத்த மாதம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்காகக் கச்சேரி இருக்கிறது. அவருக்கும் சீட்டு வாங்கியாயிற்று என்று கேள்வி. பக்கத்து ஆசனத்தில் அமரப்போகும் புண்ணியவானுக்கும், பொதுவாகச் சபைக்கு வருகிறவர்களுக்கும், நான் விசாரித்து அறிந்த ஒரு தகவல்: தனி ஆவர்த்தனம் கால் மணிக்குமேல் போவதில்லை, அந்தச் சபாவின் காண்டீன் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கிறது.