அஷ்டமியில் ஒரு நல்ல காரியம்

கேள்வி: புது ஜூம் கேமராவால் மொட்டை மாடியிலிருந்து பௌர்ணமி நிலாவை எடுத்தேன். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல வெறும் வெள்ளையாக விழுகிறது. கோளாறு கேமராவிலா, என்னிடமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: இருட்டிடம்! சுற்றிலும் கறுப்பைப் பார்த்ததும் கேமரா, 'வெளிச்சம் போதாது' என்று பதறி, வேண்டாத ஒளியையெல்லாம் அள்ளிக்கொள்கிறது. நிலாவிலோ அப்போது பட்டப்பகல். வெயிலில் காயும் வடாமைப் படமெடுப்பது போல எடுங்கள்: ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 நொடி. மேனுவல் வசதி இல்லையென்றால் எக்ஸ்போஷரை மைனஸ் இரண்டுக்கு இறக்குங்கள். முழு ஜூமில் கை லேசாக நடுங்கினாலே நிலா கூத்தாடும். டிரைபாட் இல்லையா? கைப்பிடிச் சுவரில் அரிசிப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை உட்கார வையுங்கள். 2 நொடி டைமரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

பௌர்ணமியைவிட வளர்பிறை அஷ்டமி மேல். நல்ல காரியத்துக்கு ஆகாத திதி என்பார்கள். இந்தக் காரியத்துக்கு அதுதான் முகூர்த்தம். வெயில் சாய்வாக விழுவதால், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும். தெற்குப் பக்கத்தில் பள்ளங்கள் நெருக்கம். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கியதும் அந்தத் தென்துருவத் திசையில்தான்.

"பள்ளம் பார்க்க 3,84,400 கிலோமீட்டர் தள்ளியா போகணும்? நம்ம தெருவிலேயே இருக்கே!" என்று வீட்டில் கேட்பார்கள். சொல்லுங்கள்: நம் தெருப் பள்ளம் மழை வந்தால் மறைந்துவிடும், நிலாவில் தண்ணீர் தேங்காது!