மருமகனே, நீயே ஒரு கோச்சிக் கம்பனி தொடங்கு

கோச்சியத் தனியாருக்குக் கொடுத்தாத்தான் நாடு உருப்படும்னு கொழும்புல இருந்து ஒரு பேச்சத் தூக்கிட்டு வந்திருக்கே. நல்ல பேச்சு. எவனோ ஒருத்தன் வாங்குறதுக்கு நீயே ஒரு கம்பனி தொடங்கிரு மருமகனே. வழி நான் சொல்றேன். ஃபீஸ் வேணாம், ஒரு கட்டு வெத்தில போதும்.

மொதல்ல ஒண்ணு. தண்டவாளம் பக்கம் தலைவச்சும் படுக்காதே. 1845-லயே சிலோன் ரெயில்வே கம்பனின்னு ஒண்ணு தொடங்கினானுங்க. கோப்பி மூட்டைய மாட்டு வண்டியில இறக்கி இறக்கித் தொரைமாருக்கு அலுத்துப்போன காலம். 1858-ல கவர்னர் ஹென்றி வார்ட் வந்து மொத மண்ண வெட்டினார். செலவுக் கணக்கு ஏற ஏறக் கம்பனிக்கு மூச்சு வாங்கிருச்சு. 1861-ல ஒப்பந்தம் ரத்து, பாரம் அரசாங்கத்துத் தலையில. 1864 கடைசியிலதான் அம்பேபுஸ்ஸ வரைக்கும் மொத கோச்சி வந்துச்சு, 1867-ல கண்டி. நீ புதுசுன்னு கொண்டாந்த யோசனை, இங்க கோச்சி பொறக்குறதுக்கு முன்னாலயே ஒரு தடவ செத்துப்போனது.

அதனால பொட்டிய மட்டும் வாங்கு. 2011-ல எக்ஸ்போ ரெயில், ராஜதானி எக்ஸ்பிரஸ்னு ரெண்டு பேர் அப்படித்தான் செஞ்சாங்க. கண்டி, பதுளை போற கோச்சியில அவங்க ஏசிப் பொட்டியக் கோத்துவிட்டாங்க. மெத்த சீட்டு, தின்ன ஏதோ கையில. காசு கொடுத்தவன் சொகுசாத்தான் போனான், பொய் சொல்லக் கூடாது. ஆனா இஞ்சின் ரெயில்வே டிப்பார்ட்மெண்டோடது, சிக்னல் டிப்பார்ட்மெண்டோடது. ரம்புக்கனைக்கு மேல ஏத்தத்துல இஞ்சின் படுத்துச்சுன்னா ஏசிப் பொட்டியும் அங்கதான் நிக்கும். நீ கவலப்படாதே. திட்டு வாங்குறது டிப்பார்ட்மெண்டு.

இந்த வித்தையச் சீமைக்காரனே பெருசாச் செஞ்சு பார்த்தான். தண்டவாளம் ஒரு கம்பனிக்கு, கோச்சி வேற வேற கம்பனிக்குன்னு பிரிச்சான். வர்ஜின் கம்பனி வளைவுல சாஞ்சு ஓடுற பெண்டலினோவ வாங்கிச்சு. மணிக்கு 225 கிலோமீட்டர் ஓடும்னு திட்டம். தண்டவாளம் வச்சிருந்த ரெயில்ட்ராக் அதுக்கேத்த மாதிரி பாதையச் சீராக்கித் தரல. கடைசி வரைக்கும் 200-தான். 2000-ல ஹாட்ஃபீல்டுல வெடிச்சிருந்த தண்டவாளம் நொறுங்கி நாலு பேர் செத்தாங்க, அதுல விளையாட்டுப் பேச்சு இல்ல. அடுத்த வருசமே ரெயில்ட்ராக் கவுந்துருச்சு, தண்டவாளம் லாபம் பங்கு போடாத ஒரு கம்பனி கைக்குப் போச்சு. பெண்டலினோவ மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நல்ல வண்டி, கூட்டமும் ஏறிச்சு.

ஜப்பான்காரனச் சொல்லுவே, தெரியும். 1987-ல அவன் பிரிச்சது ஊர் ஊரா. பாதையும் கோச்சியும் ஒரே கையில. கியூஷு கம்பனி ஸ்டேசன் மேலயே கடை, ஓட்டல்னு கட்டி அந்தக் காசுலயும் பொழைக்குது. ஆனா அதுக்கு முன்னால இருந்த கடன் 37 லட்சம் கோடி யென், அதுல பெரும்பங்க அரசாங்கம்தான் தனியா எடுத்து வச்சுக்கிச்சு. நமக்கும் அப்படி ஒருத்தன் கடன ஏத்துக்கிட்டா, நாளைக்கே நானும் பணக்காரன். பனி கொட்டுற ஹொக்கைடோவுல இன்னும் அரசாங்கக் கையிலதான் கம்பனி, ஆளில்லாத பாதைய ஒண்ணொண்ணா மூடுறாங்க.

தண்டவாளம் ஒருத்தனோடது, பொட்டி இன்னொருத்தனோடதுன்னா என்ன ஆகும்னு தோட்டத்துக்காரனுக்கு நீ பாடம் எடுக்க வேணாம். 1992-ல தோட்டத்துக்குக் கம்பனிக்காரன் வந்தான். நெலம் அரசாங்கத்தோடது, குத்தகை 53 வருசம், கொழுந்து கம்பனியோடது. லயத்துத் தகரம் ஒழுகினா? கம்பனி அரசாங்கத்தக் காட்டும், அரசாங்கம் கம்பனியக் காட்டும். மழை மட்டும் ரெண்டு பேரையும் கேக்காம உள்ள வரும்.

சரி, தொடங்கத்தான் போறேன்னா ஒரே ஒரு பாதை கேளு. அவிசாவளையில இருந்து இரத்தினபுரி, அதுக்கப்புறம் ஓபநாயக்க. ரெண்டரை அடி அகலத்துச் சின்னக் கோச்சி ஓடின பாதை. 1912-ல இரத்தினபுரிக்கும் 1919-ல ஓபநாயக்கவுக்கும் போச்சு. தேயிலையும் றப்பரும் அதுலதான் கொழும்புக்கு எறங்கிச்சு. 1970கள்ல அத மூடினது எந்தக் கம்பனியும் இல்ல, அரசாங்கமேதான். நான் ஒரு பக்கத்துக்கு மட்டும் வக்காலத்து வாங்க மாட்டேன். அகலப்பாதைன்னு பின்னால போட்டதும் அவிசாவளையோட நின்னுருச்சு. இரத்தினபுரிக்கு நீட்டுவோம்னு எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் காதுல விழுது.

அந்தப் பாதைய நீ போடு. நீ ஓட்டு. ஓபநாயக்கக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுல கெஞ்ச வேணாம்.

என்ன மருமகனே, போனத் தடவுறே? இதுல லாபம் வராதுன்னு அதுக்குள்ள கணக்குப் போட்டுட்டியா? பரவாயில்ல, மொதலாளிக்கு வேண்டிய மூளை உனக்கு இருக்கு.