எண்ணூறுக்கு மூச்சிரைப்பு

1983இல் பிறந்த மாருதி 800, இன்று மேம்பாலம் ஏறத் திணறினால் பதற வேண்டாம். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒன்று மட்டம் போட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருக்கிறதே! கறுப்புப் புகை வருகிறதா? திருஷ்டி கழிகிறது.

பிளக்கைக் கழற்றிக் கரி பார்ப்பது, கம்ப்ரஷன் கேஜ் வைப்பதெல்லாம் ஞானம் குறைந்தவர் வேலை. நம் மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே, "கார்புரேட்டர் போச்சு சார்" என்பார். மாற்றுவார். அடுத்து பெட்ரோல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர், கிளட்ச் பிளேட். நிரபராதிகளை ஒவ்வொருவராக வெளியேற்றுவதுதானே முறையான விசாரணை!

கடைசியில், பொழுதுபோகாத எடுபிடிப் பையன் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தான். உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. காலி செய்ததும் வண்டி சீறியது.

மெக்கானிக்கின் பெருந்தன்மையைப் பாருங்கள். நீண்ட பில்லின் கடைசி வரி: "எலி அகற்றியது – இலவசம்."